கிராண்ட் கேன்யனில் டென்ட் போடப் போகும் தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலை ஏறிப் பழகியவர்களைத்தான் அமெரிக்காவின் பிரம்மாண்டப் பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யன் அதிகம் ஏமாற்றும். மலையில் முதலில் ஏற்றம். முடியவில்லையென்றால் திரும்பிவிடலாம், இறக்கம் எப்படியும் கீழே சேர்த்துவிடும். பள்ளத்தாக்கில் எல்லாம் தலைகீழ். தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம், அடியில் கொலராடோ ஆறு ஓடுமிடம் ஏறக்குறைய 750 மீட்டர். காலையில் தெம்பு இருக்கும்போது இறக்கம், கால் ஓய்ந்தபின் 1,350 மீட்டர் ஏற்றம். இருவராக மூட்டை தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களின் தவறுகள் பெரும்பாலும் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

முதல் தவறு, இறங்கிய நேரத்தை வைத்து ஏறும் நேரத்தைக் கணக்கிடுவது. இறங்கியதைப்போல இரு மடங்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஆறுவரை போய்த் திரும்ப வேண்டாம் என்று பூங்கா ரேஞ்சர்கள் சலிக்காமல் சொல்வது இதனால்தான். உயரம் குறையக் குறைய வெயிலும் ஏறும். ஜூலையில் பள்ளத்தாக்கின் அடியில் பகல் வெப்பம் சாதாரணமாக 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், அதுவும் நிழலில். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை பாதையில் நடக்கவே கூடாது. ஏப்ரல், மே தொடக்கம், அக்டோபர் நல்ல காலம். ஏப்ரலிலும் மேற்பகுதியில் சில சமயம் பனி உறைந்திருக்கும்.

பாதையைத் தேர்ந்தெடுப்பதிலும் பலர் கோட்டைவிடுகிறார்கள். சவுத் கைபாப் ட்ரெயில் ஆற்றுமுகாம்வரை சுமார் 11 கிலோமீட்டர். காட்சிகள் அபாரம், ஆனால் வழியில் குடிநீர் கிடையாது, நிழலும் அரிது. தூரம் குறைவென்று அதில் ஏறுவது வீண் வீம்பு. அதில் இறங்கி, 16 கிலோமீட்டர் நீளமுள்ள பிரைட் ஏஞ்சல் ட்ரெயிலில் ஏறுவதே புத்திசாலித்தனம். அங்கே இடையிடையே குடிநீர்க் குழாய்கள் உண்டு. அவற்றையும் கண்மூடி நம்ப வேண்டாம். தண்ணீர் கொண்டுவரும் பழைய குழாய்த்தடம் அடிக்கடி உடையும்; 2024 ஆகஸ்டில் தெற்கு விளிம்பு விடுதிகளில் இரவுத் தங்கலையே நிறுத்தும்படி ஆனது. கிளம்பும் நாளில் எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதென்று விசாரியுங்கள், வடிகட்டியும் எடுத்துப்போங்கள்.

தண்ணீர் மட்டும் போதுமென்று நினைப்பதும் தவறுதான். வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்க, வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி வலிப்புவரை போகலாம். உப்புக்கடலை, சிப்ஸ் என எதையாவது கொறித்தபடியே நடக்க வேண்டும்.

தம்பதிகளுக்கே உரிய தவறுகள் தனி ரகம். “நீ சும்மா வா, நான் தூக்கிக்கிறேன்” என்று தண்ணீர், சாப்பாடு, வரைபடம் எல்லாவற்றையும் ஒருவரே சுமப்பது அன்புதான். ஆனால் அந்த ஒருவர் இரண்டு வளைவு முன்னால் போய்விட்டால் மற்றவர் வெறுங்கையோடு வெயிலில் நிற்பார். பாதையின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னலும் இல்லை. டென்ட் துணி ஒருவரிடம், கம்பிகள் மற்றவரிடம் என்று பிரிக்கலாம். தண்ணீர், தீனி, தலைவிளக்கு மூன்றும் ஆளுக்கொன்றாகத்தான் இருக்க வேண்டும். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். வேகக்காரர் பின்னால் வரட்டும்.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது. வெப்பம் தாக்கினாலும் சோடியம் குறைந்தாலும் எரிச்சல், பிடிவாதம், சம்பந்தமில்லாத பேச்சு எல்லாம் வரும். கூட வருபவருக்கு அது வழக்கமான கோபமாகத் தெரியும். “பேசாம வா” என்று இவரும் முறைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நடப்பார். நடை தள்ளாடுகிறதா, கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் நிழலில் உட்காரவைத்துச் சட்டையை நனைத்து விசிறுங்கள். தெளியவில்லையென்றால் உடனே ரேஞ்சருக்குச் சொல்லியனுப்புங்கள். யார் முதலில் “முடியல” என்று சொல்வதென்கிற கௌரவப் போட்டிக்கும் கிளம்பும் முன்பே முடிவு கட்டிவிடுங்கள்: ஒருவர் நில் என்றால் இருவரும் நிற்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது.

கீழே போனதும் ஆற்றில் குதிக்கத் தோன்றும். வேண்டாம். க்ளென் கேன்யன் அணையின் ஆழத்திலிருந்து வரும் நீர் அது. கோடையிலும் சில்லிட்டிருக்கும், இழுப்பும் அதிகம். முகாமை ஒட்டி ஓடும் பிரைட் ஏஞ்சல் ஓடையில் காலை நனைத்துக்கொண்டால் போதும். ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில், எங்கோ தொலைவில் மழை பெய்தாலும் ஓடைகளில் திடீர் வெள்ளம் வரும். அப்போது ஓடைப்பக்கமே போகாதீர்கள்.

முகாமில் அணிலைக் கொஞ்சாதீர்கள், கடிக்கும். உணவு முழுவதையும் அங்குள்ள உலோகப் பெட்டியில் பூட்டாவிட்டால் பையையே கடித்துக் கிழித்துவிடும். கோவேறு கழுதைகள் வரும்போது இருவரும் பாறைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி அசையாமல் நில்லுங்கள்.

கீழே இரவு தங்க பெர்மிட் கட்டாயம். அதற்கான குலுக்கல் நான்கு மாதங்களுக்கும் முன்பே நடந்துவிடும். டிக்கெட் எடுத்தபிறகு பெர்மிட் தேடுவது கடைசி நேரத் தவறு. விண்ணப்பிக்கும்போது ஓர் இரவு ஆற்றங்கரையில், மறு இரவு ஏறும் வழியிலுள்ள ஹவசுப்பாய் கார்டன்ஸ் முகாமில் என்று இரண்டு இரவுகளாகக் கேளுங்கள். கடைசி நாளில் ஏற மிச்சமிருப்பது சுமார் 930 மீட்டர்தான். விடியுமுன் கிளம்பினால் வெயில் உறைக்கும் முன் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம்.