குதிரை மருத்துவராக விரும்பும் கொழிஞ்சாம்பாறை மாணவருக்கு

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து நீட் தேர்வு எழுதியவர், திருச்சூரை அடுத்த மண்ணுத்தியிலோ வயநாட்டுப் பூக்கோட்டிலோ கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் சேர முயலலாம்; ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து அது 5½ ஆண்டுப் படிப்பு.

அந்தப் பட்டம் எல்லாக் கால்நடைகளுக்கும் பொதுவானது என்பதால், விடுமுறைகளில் குதிரை லாயத்தில் பழகுவதைத் தள்ளிப்போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து எண்ணிப் பழகுங்கள்: ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 44 துடிப்புகள் இருக்கும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. ஆகவே அது வயிற்றுவலியால் தரையில் புரண்டு, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, துடிப்பும் ஏறியிருந்தால், மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி இரைப்பையின் அழுத்தத்தைத் தணிப்பது உயிரைக் காக்கும் வேலை.

பட்டம் பெற்றதும் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்துகொண்ட பிறகே தனியாகச் சிகிச்சை அளிக்கலாம்.