பழைய ஜீப்பைப் புதுப்பிக்கிறீர்களா? டெல்டா மண்ணில் செய்யக்கூடாத தவறுகள்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை என்று சுற்றினால் மாட்டுக் கொட்டகை ஓரத்திலோ மூடிக்கிடக்கும் ரைஸ் மில்லிலோ ஒரு பழைய மஹிந்திரா ஜீப் இன்னும் கண்ணில் படும். தாத்தா காலத்தில் வயலுக்கும் சந்தைக்கும் ஓடிய வண்டி. இப்போது பேரன்மார்கள் அதை வெளியே இழுத்து, உயரமாக்கி, பெரிய டயர் போட்டுத் திரும்ப ஓட்ட ஆசைப்படுகிறார்கள். எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. நானும் ஒரு எம்.எம்.540-ஐ அப்படி எடுத்துக் கட்டியவன்தான். காசும் காலமும் எங்கே வீணாகும் என்பது பட்டுத்தான் தெரிந்தது.

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். வீடியோக்களில் நாம் பார்த்து வியக்கும் வண்டிகள் பாறை ஏறுவதற்காகக் கட்டப்பட்டவை. டெல்டாவில் பாறை ஏது? இங்கே களிமண், சரிவான ஆற்றங்கரை, தண்ணீர், கடலோர உப்புக்காற்று. வண்டியை இந்த நாலுக்கும் ஏற்றபடி கட்ட வேண்டும்.

முதலில் உயரம். பிளேட் செட்டை (வளைந்த பட்டை ஸ்பிரிங்) ஹவுசிங்கின், அதாவது சக்கர அச்சு இருக்கும் கூட்டின், கீழிருந்து மேலே மாற்றினால் வண்டி ஐந்தாறு அங்குலம் தூக்கிக்கொள்ளும். செலவும் குறைவு என்பதால் எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான். நானும் வைத்தேன். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. அப்புறம் ஒரு மழை நாளில் பாமணியாற்றங்கரையில் ஓட்டினேன். கரைப்பாதை ஒரு வண்டி அகலம்தான். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் தாழ்ந்த வயல். ஒரு பக்கச் சக்கரம் ஓரத்து ஈரமண்ணில் இறங்கியதும் வண்டி சாய்ந்த சாய்வில் கூட வந்தவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கவிழவில்லை, அவ்வளவுதான். உயரம் கூடினால் பாரத்தின் மையமும் மேலே போகும். பாறைக்காட்டில் கிடைக்கும் லாபம் ஆற்றங்கரையில் ஆபத்தாக மாறும். இப்போது என் வண்டி இரண்டு அங்குல உயர்வில்தான் ஓடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிளேட்டை உயர்த்தினால் மேலே போவது சேசிஸும் பாடியும்தான். ஹவுசிங்கின் நடுவே பருத்திருக்கும் டிஃபரன்ஷியல் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும், சேற்றில் முதலில் தட்டுவதும் அதுதான். அதைத் தூக்குவது டயர் மட்டுமே. பழைய 6.00-16 டயரின் குறுக்களவு ஏறக்குறைய 28 அங்குலம். 31 அங்குல டயர் போட்டால் குண்டுக்குக் கிடைப்பது கூடிய மூன்று அங்குலத்தில் பாதி, அதாவது ஒன்றரை அங்குலம். அதற்கு விலையாக வண்டியின் இழுவை பத்தில் ஒரு பங்கு குறையும், ஸ்டீயரிங் கனக்கும், டிரம் பிரேக் திணறும். நம் களிமண்ணில் ஒல்லியான, பள்ளம் ஆழமான டயரே போதும். சேற்றில் இறங்கும்போது காற்றைப் பதினெட்டு பவுண்டு அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். தார்ச்சாலைக்கு ஏறியதும் மறக்காமல் நிரப்பிவிடுங்கள்.

எடையைப் பார்க்காமல் பிளேட் வாங்குவது அடுத்த தவறு. நெல் லாரி நிறுக்கும் எடை மேடை இல்லாத ஊர் டெல்டாவில் குறைவு. முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை. பத்து நிமிட வேலை. அந்தக் கணக்கு இல்லாமல் “நல்லா கெட்டியா இருக்கட்டும்ணே” என்று கூடுதலாக ஒரு பிளேட் சொருகினால், வெறும் வண்டி மாட்டுவண்டி போலக் குதிக்கும். சக்கரம் தரையில் நிற்காது. வின்ச், இரும்பு பம்பர், ஸ்டெப்னி தாங்கி என்று சேர்த்துக்கொண்டே போனாலும் அத்தனை எடையும் சேற்றில் கீழே அழுத்தும். பழைய பிளேட்டை கேஸ் டார்ச்சில் சுட்டு வளைக்கவே கூடாது. ஸ்பிரிங் எஃகின் பதம் அந்தச் சூட்டில் போய்விடும். சில மாதத்தில் தொங்கும் அல்லது முறியும்.

இனி கோணங்கள். நல்ல பட்டறைகளில்கூட இதில் தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிளேட்டின் நுனியை சேசிஸோடு இணைக்கும் ஆடும் துண்டுதான் ஷாக்கிள். முன் ஷாக்கிள் முன்பக்கம் இருக்கும் ஜீப்பில் ஷாக்கிளை மட்டும் நீளமாக்கினால் பிளேட்டின் முன்நுனி கீழே இறங்கி, ஹவுசிங் முன்னால் சுழலும். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பழைய ஜீப்புகளில் அந்தச் சாய்வு சுமார் 3 டிகிரி. ஹவுசிங் சுழன்று அது குறைந்தால் திருப்பத்தில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. நேர்சாலையில் வண்டி அலையும், ஒரு குழியில் விழுந்தால் முன்சக்கரம் இரண்டும் வெறிபிடித்தாற்போல் ஆடும். சாய்வைத் திரும்பக் கொண்டுவர பிளேட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைக்கலாம். அலுமினிய ஆப்பு நசுங்கி நழுவும், வேண்டாம்.

பின்பக்கத்தில், விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிராப்பலர் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஒரு கிராஸ் (மடங்கும் இணைப்பு) இருக்கும். விசையை முன்பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸின் அச்சும், ஷாஃப்டின் மறுமுனையில் டிஃபரன்ஷியலுக்குள் போகும் பினியனின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் ஒரு கிராஸ் உண்டாக்கும் அதிர்வை மற்றது சரிக்கட்டும். “பினியனைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடு, கோணம் குறையும்” என்று சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. மேல்முனையில் இரட்டைக் கிராஸ் உள்ள ஷாஃப்டுக்குத்தான் அது பொருந்தும். சாதாரண ஷாஃப்டில் அப்படிச் செய்தால் அறுபதில் போகும்போது வண்டி முழுக்க நடுங்கும், கிராஸ் சீக்கிரம் போகும். போனிலேயே கோணம் அளக்கும் வசதி இருக்கிறது. வெல்டிங் வைக்கும் முன் வண்டி தன் முழு எடையில் தரையில் நிற்கும்போது அளந்து பாருங்கள்.

ஸ்டீயரிங்கிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் கம்பியான டிராக் லிங்கை வளைத்து நடுவில் வெல்டிங் வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். அது முறிந்தால் பிடிக்க வேறு எதுவும் இல்லை.

ஸ்பிரிங் பொருத்தும்போது முதலில் மெயின் பிளேட்டை மட்டும் மாட்டி ஜாக்கியால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். முழுதாக மடங்கும்போது டயர் எங்கே உரசுகிறது, முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஷாக் அப்சார்பர் நீளம் போதுமா, ஷாஃப்ட் கழன்று வருமா என்பதெல்லாம் அரை நாளில் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் பெயின்ட் அடித்து முடித்த பிறகு ஹோஸ் பற்றாது என்று கண்டுபிடிப்பவர்கள் அதிகம்.

சேசிஸ் வேலைக்கு வருவோம். கழற்றிய சேசிஸை சமதரையில் வைத்து, தூக்குக்குண்டு விட்டு நான்கு மூலைப் புள்ளிகளையும் தரையில் குறித்து, மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். கொத்தனார் வீட்டுக்குச் செய்வதுதான். கோணலான சேசிஸில் எவ்வளவு நல்ல பிளேட் போட்டாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். விரிசல் இருந்தால் அதன் நுனியில் சிறு துளை போட்டு நிறுத்தி, துருவையும் பெயின்ட்டையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பிறகு வெல்டிங். மேலே ஒட்டும் பட்டை வைரவடிவில் இருக்கட்டும். சட்டத்தின் குறுக்கே நேர்கோடாக வெல்டிங் வைத்தால் அடுத்த விரிசல் அந்தக் கோட்டின் ஓரத்திலேயே வரும். மேல், கீழ் விளிம்புகளில் துளை போடாதீர்கள். பாரம் தாங்குவது அவைதான்.

7018 என்ற வெல்டிங் ராடு பலமானது, ஆனால் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் பிரித்து வைத்த பாக்கெட்டை உலர்த்தாமல் எரித்தால் உள்ளே நுண்விரிசல் விழும். உலர்த்த வசதி இல்லாத பட்டறையில் அந்த வேலையை மழைக்காலத்துக்கு வைக்காமல் இருப்பதே நல்லது. எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். தொலைவில் மாட்டினால் மின்சாரம் வீல் பேரிங் வழியாகப் போய் அதைப் பொத்தலாக்கும். வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் ரோல் கேஜுக்குத் தண்ணீர்க் குழாயான ஜி.ஐ. பைப் வாங்க வேண்டாம். வெல்டிங்கில் வரும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொடுக்கும், பைப்பும் அந்த வேலைக்கானதல்ல. கேஜின் கால்கள் தரைத்தகட்டில் நின்றாலும் பயனில்லை. சேசிஸைப் பிடிக்க வேண்டும்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து சில நாளில் தண்ணீர் வந்துவிடும் என்பதை வைத்தே மற்ற வேலைகளைத் திட்டமிடுங்கள். சூடான ஹவுசிங் வாய்க்கால் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாக நீரை இழுக்கும். ஹவுசிங்கின் காற்றுத்துளையான பிரீதரில் ஒரு ஹோஸ் மாட்டி உயரத்தில் கட்டிவிட்டால் தீர்ந்தது. இதைச் செய்யாத வண்டியில் ஆயில் மோர் நிறத்தில் வரும். முன்சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளின் ஃபெல்ட் (கம்பளி) சீலைக் களிமண் அரித்துவிடும், வருடம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நீரிலிருந்து வெளியே வந்ததும் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காய வையுங்கள்.

வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். பைப்பில் பம்பர் கட்டினால் அடியில் நீர் வடிய ஒரு துளை விடுங்கள். மூடிய பைப் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். சேசிஸுக்கு வேஸ்ட் ஆயில் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். சொட்டுவதெல்லாம் நம் வாய்க்காலுக்கும் வயலுக்கும்தான் போகிறது. துத்தநாக பிரைமரும் உட்பக்கத்துக்கு மெழுகுப் பூச்சும் போதும்.

சட்டம் பற்றி. உற்பத்தியாளரின் அமைப்பிலிருந்து மாறுபட்ட வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதற்கு அடிப்படை. முன்னால் மாட்டும் கிராஷ் கார்டுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அதனால் இன்ஜின் மாற்றுவது, பாடியை மாற்றுவது போன்ற யோசனை இருந்தால் பணம் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பிளேட்டை ஹவுசிங்கோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டைப் பழையதையே திரும்ப மாட்டாதீர்கள். ஒருமுறை முறுக்கியதில் அதன் மரை இழுபட்டிருக்கும். புதிதாக மாட்டி, முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் எல்லா நட்டையும் திரும்ப முறுக்குங்கள். கூடவே வீல் நட்டையும். பல பழைய ஜீப்புகளில் இடப்பக்க வீல் நட்டுக்கு இடது மரை. அது தெரியாத பையன் கழற்றுவதாக நினைத்து இறுக்கி, என் வண்டியில் இரண்டு ஸ்டட்டை முறித்துவிட்டான்.