கோத்தகிரி இலை லாரியை மாடலாகச் செய்வது எப்படி

சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலையை எடை போட்டு ஃபேக்டரிக்கு ஏற்றிவிடுவது என் வேலை. கோத்தகிரி பக்கம். நாள் முழுக்கக் கண்ணெதிரே நிற்பது ஒரு டாடா 407 லாரி. மாடல் கார் ஆசை வந்தபோது எல்லோரையும் போல டாமியா கிட் (துண்டுகளாக வரும், நாமே ஒட்டிச் செய்யும் ஜப்பானிய மாடல் பெட்டி) வாங்கித்தான் தொடங்கினேன். அருமையான கிட்டுகள். எந்தத் துண்டும் பொருந்தாமல் போகாது. ஆனால் 1986இல் வந்து இன்றுவரை இந்த மலையின் இலையைச் சுமக்கிற வண்டிக்கு ஒரு கிட் என் கண்ணில் பட்டதில்லை. நம் ரோட்டில் ஓடும் வண்டியை நாமே அளந்து செய்ய வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. ஒன்றிரண்டு கிட் ஒட்டிப் பழகியவர்கள் தாராளமாக இதில் இறங்கலாம்.

முதலில் அளவு. 1:24 எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்குப் பன்னிரண்டு இஞ்ச். அதில் 24இல் ஒரு பங்கு என்றால் சரியாக அரை இஞ்ச். பத்தடி பாடி ஐந்து இஞ்ச் ஆகும், ஆறடி அகலம் மூன்று இஞ்ச் ஆகும். தச்சர் டேப் ஒன்று போதும், கால்குலேட்டர்கூட வேண்டாம். மில்லிமீட்டரில் வேலை செய்பவர்கள் ஓர் அடிக்கு 12.7 என்று வைத்துக்கொள்ளலாம். ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்கள் ஏறத்தாழ 1:64. அவற்றைப் பிரித்துப் பெயின்ட் மாற்றுவது தனிக் கலை, நல்ல கலையும்கூட. ஆனால் அந்த அளவில் ஓர் அடி ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. பலகை, கொண்டி, கயிறு எதையும் மனதாரச் செய்ய முடியாது.

வண்டியை அளக்கும்போது டிரைவரிடம் கேட்டுக்கொண்டு அளங்கள். எங்கள் டிரைவர் அண்ணா, "எதுக்குத் தம்பி டேப் புடிக்கிற, வண்டிய வெலைக்குக் கேக்கறாங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை, சக்கர உயரம், கேபின் உயரம், பாடியின் நீள அகல உயரம், தரைக்கும் பம்பருக்கும் உள்ள இடைவெளி: இவ்வளவும் கட்டாயம். போட்டோவைப் பக்கத்தில் நின்று எடுக்காதீர்கள். முன்பக்கம் பெரிதாகவும் பின்பக்கம் சிறிதாகவும் விழும். முடிந்தவரை தள்ளி நின்று ஜூம் செய்து, வண்டிக்கு நேர் பக்கவாட்டில் எடுங்கள். பிறகு இரண்டு சக்கர மையங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை 24ஆல் வகுத்து, அந்த நீளம் வரும்படி போட்டோவைப் பிரின்ட் போடுங்கள். கதவு, ஜன்னல், கைப்பிடி எல்லாம் தானாகவே சரியான அளவில் வந்துவிடும். அந்தத் தாள்தான் உங்கள் வரைபடம்.

கேபினுக்கு 1 மில்லிமீட்டர் ஸ்டைரீன் (ஒருவகைப் பிளாஸ்டிக்) தகடு. ஆன்லைனில் கிடைக்கிறது. கட்டரால் முழுதாக வெட்ட முயலாதீர்கள். ஸ்கேல் வைத்து இரண்டு மூன்று முறை கீறி, கோட்டில் மடக்கினால் 'டக்' என்று நேராக உடையும். ஜன்னலுக்கு முதலில் நான்கு மூலையிலும் துளை போட்டுவிட்டுக் கீறுங்கள், மூலை வெடிக்காது. 407இன் மூக்கு சற்றே முன்னால் நீண்டு உருண்டிருக்கும். அங்கே தகட்டை நான்கைந்து அடுக்காக ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து உருட்டுங்கள். 220 நம்பர் தாளில் வடிவம், 400 நம்பரில் சமன், பிறகு 800 வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது.

ஸ்டைரீனுக்கு ஃபெவிகுவிக் வேண்டாம். மாடலுக்கென விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட் பசைதான் சரி. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, இணைப்பின் மேல் பிரஷ்ஷைத் தொட்டால் போதும், பசை தானே உள்ளே ஓடும். அது பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்குகிறது, அதனால் அந்த ஒட்டு விடாது. ஃபெவிகுவிக்கின் வேலை வேறு: ரப்பர், உலோகம், மரம். இடுக்கு அடைக்கவும் உதவும். ஒரு சொட்டு விட்டு மேலே சமையல் சோடாவைத் தூவினால் கல்லாக இறுகிவிடும், உடனே தேய்க்கலாம். பெரிய பள்ளத்துக்கு டிங்கர் பட்டறைக்காரர்கள் பூசும் பட்டி. ஒரே பூச்சில் அப்பினால் சுருங்கி உள்வாங்கும். மெல்லிசாக இரண்டு மூன்று தடவை பூசுங்கள்.

சக்கரத்துக்கு எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. தண்ணீர் பாட்டில் மூடியின் விட்டம் கிட்டத்தட்ட 30 மில்லிமீட்டர். பழைய சைக்கிள் டியூபை மூடியின் உயரத்துக்கு நாடாவாக வெட்டி, இழுத்துப் பிடித்து இரண்டு சுற்று சுற்றினால் 34 வரும். 24ஆல் பெருக்கினால் 81 சென்டிமீட்டர் சொச்சம். லாரி டயரின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூடியின் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் பிடிக்காது, பெயின்டும் உரிந்துவிடும். ஆகவே டியூபின் மேல்சுற்றைக் கீழ்ச்சுற்றோடு மட்டும் ஃபெவிகுவிக்கால் ஒட்டுங்கள். இழுவிசையே மூடியைக் கவ்விக்கொள்ளும். டிஸ்க்கை ஸ்டைரீனில் வட்டமாக வெட்டி டயரின் ரப்பரோடு ஒட்டுங்கள். பின்னால் இரட்டைச் சக்கரம், மொத்தம் ஆறு மூடி; ஸ்டெப்னி வேண்டுமானால் ஏழு. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால், மேட்டுப்பாளையம் போய்வருபவர்களிடம் சொல்லி வைத்தால் மூடி கிடைக்கும்.

இப்போது பாடி. வேலையில் ருசியான பகுதி இதுதான், அவசரப்படாதீர்கள். தீக்குச்சி சுமார் 2 மில்லிமீட்டர் சதுரம். 1:24இல் அது இரண்டு இஞ்ச் ரீப்பருக்குச் சமம். பத்து மில்லிமீட்டர் அகலமுள்ள ஐஸ்கிரீம் குச்சி, பத்து இஞ்ச்சுக்குச் சற்றே குறைந்த பலகை. தீக்குச்சியின் மருந்துள்ள தலையைத் தண்ணீரில் நனைத்துவிட்டு வெட்டி எறியுங்கள். பலகைகளுக்கு நடுவே ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விடுங்கள். நிஜப் பாடியிலும் அப்படித்தான் வெளிச்சம் தெரியும்.

பலகைக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். ஒரு கண்ணாடிக் குப்பியில் வினிகர் ஊற்றி, துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு, மூடியை இறுக்காமல் சில நாள் வையுங்கள். பாத்திரம் தேய்க்கும் சில்வர் நார் உதவாது, அது துருப்பிடிக்காத ரகம். இன்னொரு பக்கம் டஸ்ட் டீயைக் கொதிக்கவிட்டுக் கெட்டியான டிகாஷன் எடுங்கள், பால் சர்க்கரை இல்லாமல். குச்சிகளில் முதலில் டிகாஷனைப் பூசிக் காயவிடுங்கள். அதன் மேல் ஆணி ஊறிய வினிகரைப் பூசியதும் கண்ணெதிரே மரம் சாம்பல் நிறமாகிக் கறுக்கத் தொடங்கும். தேயிலையில் உள்ள டானினும் வினிகரில் கரைந்த இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை. வெயிலிலும் மழையிலும் பல வருஷம் கிடந்த பலகையின் நிறம் அப்படியே கிடைக்கும். டிகாஷன் கூடினால் கறுப்பு, குறைந்தால் வெளிறிய சாம்பல். ஒரே தடவையில் எல்லாக் குச்சிக்கும் பூசாமல், கொஞ்சம் கொஞ்சமாக அடர்த்தியை மாற்றுங்கள். எந்த லாரியிலும் எல்லாப் பலகையும் ஒரே நாளில் மாற்றியவை அல்ல.

பாடியின் உட்பக்கத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள். இலை ஏற்றும் வண்டி என்பதால் உள்ளே பச்சைக் கறை இருக்கும் என்று நினைப்பார்கள். கிடையாது. நசுங்கிய இலையின் சாறு காற்றுப் பட்டதும் செம்பழுப்பாகி, நாள் ஆக ஆகக் கறுத்துவிடும். ஃபேக்டரியில் இலையை நசுக்கிக் காற்றில் விட்டால் செம்பு நிறம் ஏறுகிறதே, அதே வேலைதான் பலகையிலும் நடக்கிறது. மூட்டை உரசும் உயரம் வரைக்கும், அதாவது தளத்திலிருந்து ஒரு இஞ்ச் அளவுக்கு, டிகாஷனை மட்டும் நான்கைந்து தடவை ஏற்றுங்கள். ஏறி இறங்குபவர்கள் கால் வைக்கும் பின்கதவு ஓரத்தில் தேய்ந்து மரம் வெளிறியிருக்கும். அங்கே உப்புத்தாளால் லேசாகத் தடவிவிடுங்கள்.

பெயின்டுக்கு வருவோம். சமவெளிக்காரர்களின் யோசனை இங்கே பாதிதான் பலிக்கும். ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்தால், தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பெயின்டின் மேல் படியும். பளபளப்பு போய் வெள்ளை மூட்டமாகிவிடும். ஊட்டி, கூடலூர் பக்கத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. எங்கள் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழைதான் கனம். அந்த மாதங்களில் வெட்டுவதும் ஒட்டுவதும் செய்துகொண்டிருங்கள். ஸ்ப்ரேயை ஜனவரி முதல் மார்ச் வரையிலான வெயிலுக்கு ஒதுக்குங்கள், அதிலும் காலை பதினொன்றுக்கும் பிற்பகல் இரண்டுக்கும் நடுவே. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நான் கேனைத் தொடுவதில்லை. குளிரில் கேனின் அழுத்தமும் குறையும், பெயின்ட் சொட்டுச் சொட்டாகத் தெறிக்கும். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் கேனை நிறுத்திவைத்தால் சரியாகும். கொதிநீரோ அடுப்போ கூடவே கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குளிருக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பக்கத்தில் கரி அடுப்பில் கணப்புப் போட்டுக்கொண்டு உட்காருவது மலையில் வழக்கம். தின்னரோ பசையோ ஸ்ப்ரேயோ திறந்திருக்கும் அறையில் கணப்பு இருக்கவே கூடாது. அந்த ஆவி தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைப் பிடிக்கும். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள், மாஸ்க்கும் போடுங்கள்.

பட்டறையில் கிடைக்கும் டூக்கோ பெயின்டை (நிஜ வண்டிகளுக்கு அடிப்பது) ஸ்டைரீன் மேல் நேரடியாக அடித்தால் பிளாஸ்டிக் வெடித்துப் பாளம் பாளமாகும். மாடலுக்கான பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, மெல்லிய பூச்சாக முதலில் அடித்து முழுதாகக் காயவிடுங்கள். கேன் 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். வண்டிக்கு வெளியே தொடங்கி, கடந்துபோய், வெளியே நிறுத்துங்கள். முதல் பூச்சு மூடவில்லையே என்று கவலை வேண்டாம், மூன்றாவது மூடும். சிவப்போ மஞ்சளோ அடிப்பதானால் கீழே வெள்ளைப் பிரைமர் இருக்க வேண்டும். சாம்பல் மேல் மஞ்சள் அழுக்காகத் தெரியும்.

எழுத்துகளை நான் கையாலேயே எழுதுகிறேன், மிக மெல்லிய மூன்று சைபர் பிரஷ்ஷால். பேரகணி கோயில் பக்தர்களின் வண்டி என்பதால் நெற்றியில் 'ஹெத்தையம்மன் துணை'. நம்பர் பிளேட் வாடகை வண்டிக்கு மஞ்சளில் கறுப்பு எழுத்து; தொடக்கம் டி.என். 43, நீலகிரி. மற்ற இலக்கங்களை நீங்களே கற்பனையாகப் போட்டுக்கொள்ளுங்கள். பம்பரில் ஒரு கறுப்புக் கயிறு: தையல் நூலை மூன்று புரி முறுக்கினால் போதும்.

அழுக்கேற்றும்போது கண்ட இடத்தில் செம்மண்ணைத் தூவாதீர்கள். நிஜ மண்ணின் துகள் இந்த அளவுக்குக் கூழாங்கல்லாகத் தெரியும். செங்கல் பொடியை மெல்லிய துணியில் சலித்து, மாவு போல இருப்பதை மட்டும் எடுங்கள். சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டின் உட்பக்கம், பின்கதவின் கீழ்ப்பாதி: சேறு தங்குவது அங்கேதான். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒரே மாதிரி செய்துவிடாதீர்கள். குறுகலான எஸ்டேட் ரோட்டில் எதிரே வரும் வண்டிக்கு இடம்விட்டு ஒதுங்கி ஒதுங்கி, இடப்பக்கம் முழுக்க உண்ணிச்செடியும் தேயிலைக் கிளையும் கீறிய நீளக் கோடுகள் இருக்கும். வெளிறிய கலர் பென்சிலைக் கூராகச் சீவி, முன்னிருந்து பின்னாக இழுங்கள்.

மூட்டைக்குப் பழைய மெல்லிய நைலான் சாக்ஸ். சில்வர் ஓக் மரத்துப் பாசியைக் காயவைத்துக் கசக்கிப் பச்சை ஏற்றி, சாக்ஸில் அடைத்து முடிந்தால் வலைமூட்டை தயார். ஓரிரண்டை அமுங்கியது போல வையுங்கள், அடியில் கிடக்கும் மூட்டை எப்போதும் தட்டையாகத்தான் இருக்கும்.

முடிந்த மாடலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள், ஈரம் உறிஞ்சி நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. இந்த ஈரத்தில் மரத்திலும் சாக்ஸிலும் பூஞ்சை பிடிக்கும், ஃபெவிகால் ஒட்டு இளகும். துணி அலமாரியில் போடுவது போல அந்துருண்டை மட்டும் போட்டுவிடாதீர்கள், நாப்தலீன் ஆவி ஸ்டைரீனை இளக்கிவிடும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறட்டி, ஆறியபின் திரும்ப உள்ளே வையுங்கள். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.