பின் இருக்கையை வைத்துத் திட்டமிடுங்கள்: கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு இருவராக மோட்டார் சைக்கிளில்

குடும்பத்தாரைப் பார்ப்பதற்காகக் கணவனும் மனைவியும் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு மோட்டார் சைக்கிளில் போவதென்றால், பயணத்தின் எல்லா முடிவுகளையும் பின் இருக்கையில் அமர்பவரின் உடலை அளவுகோலாக வைத்தே எடுக்க வேண்டும். பதினொரு ஆண்டுகளாக அந்த இருக்கையில் அமர்ந்து கோலாலம்பூரின் செந்தூலுக்கும் பினாங்கின் ஆயர் ஈத்தாமில் உள்ள அம்மா வீட்டுக்கும் இடையே போய்வருகிற எனக்குத் தெரிந்த முதல் விதி இதுதான்.

எங்கள் முதல் பயணத்தில் இதை நாங்கள் அறியவில்லை. என் கணவர் தமக்குக் களைப்பு தெரியாததால் தாப்பா ஓய்விடம் வரை, ஏறத்தாழ 140 கிலோமீட்டர், நிறுத்தாமல் ஓட்டினார். இறங்கும்போது என் இடது கால் மரத்துப்போயிருந்ததால் தரையில் ஊன்ற முடியாமல் விழுந்தேன். நின்றிருந்த வண்டியும் என்னோடு சாய்ந்தது. ஓட்டுபவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது, எதிரே சாலை தெரிகிறது, பள்ளம் வருவதை முன்பே பார்த்து உடம்பைத் தயார்படுத்திக்கொள்கிறார். பின்னால் இருப்பவருக்குத் தெரிவது ஒரு முதுகு மட்டுமே. ஒவ்வொரு அதிர்வும் அவரை எதிர்பாராமல் வந்தடைவதால், ஒரே தூரத்தில் அவர் கூடுதலாகக் களைத்துப்போகிறார்.

ஆகவே புறப்படுவதற்கு முன்பே நிறுத்தங்களை எழுதிக்கொள்ளுங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் செல்லும்போது உலு பெர்ணம், தாப்பா, சிம்பாங் பூலாய், சுங்கை பேராக், குனோங் செமாங்கோல் என்று வரிசையாக ஓய்விடங்கள் இருக்கின்றன. இவற்றுக்கிடையே உள்ள தூரம் பெரும்பாலும் ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் அடங்கிவிடும். ஐந்திலும் நிறுத்துவது நேர விரயம் என்று சிலர் எண்ணக்கூடும். பத்து நிமிடம் இறங்கி நடந்து, இரண்டு வாய் தண்ணீர் குடித்து, இடுப்பை நிமிர்த்திவிட்டு ஏறினால் அடுத்த ஐம்பது கிலோமீட்டர் தொல்லையின்றிக் கழியும் என்பது என் அனுபவம். மொத்தத் தூரம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். நிறுத்தங்களையும் சேர்த்து ஆறு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டால் எந்த இடத்திலும் அவசரப்பட வேண்டியிருக்காது.

இருவருக்கும் இடையே சைகைகளை வீட்டிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். காற்றின் இரைச்சலில் சொல் கேட்காது. கத்தினால் ஓட்டுபவர் தலையைத் திருப்புவார், அது ஆபத்து. தோளில் ஒரு தட்டு தட்டினால் அடுத்த ஓய்விடத்தில் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டினால் பாதுகாப்பான முதல் இடத்திலேயே நிறுத்த வேண்டும், இடுப்பை அழுத்தினால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. இரண்டு தட்டு விழுந்தால் ஓட்டுபவர் காரணம் கேட்கக் கூடாது. "நீ தட்டினா நான் நிறுத்துறேன், ஏன்னு அப்புறம் கேட்டுக்கிறேன்" என்று என் கணவர் இரண்டாம் பயணத்துக்கு முன் சொன்ன வாக்கை இன்றுவரை காப்பாற்றி வருகிறார். பின்னால் அமர்பவருக்கும் கடமைகள் உண்டு. ஓட்டுபவர் இரு கால்களையும் ஊன்றி, ஏறலாம் என்று சொன்ன பிறகே ஏற வேண்டும். வளைவில் அவர் சாயும் பக்கமே தாமும் சாய வேண்டும். பிரேக் பிடிக்கும்போது அவர் முதுகில் மோதாமல் தொடைகளால் இறுக்கி, பின் கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும். வளைவைக் கண்டு அஞ்சி எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் வண்டி வளைவை விட்டு வெளியே போகப் பார்க்கும்.

வண்டியைப் பொறுத்தவரை, நீங்கள் தனியாக வேலைக்கு ஓட்டிப் போகிற அதே அமைப்பில் இருவராக நெடும் பயணம் போகக் கூடாது. இருவரும் பையும் ஏறினால் பின் சக்கரத்தின் மேல் எடை பெருமளவு கூடுகிறது. அதனால் பின் டயரின் காற்று அதிகமாக இருக்க வேண்டும். எவ்வளவு என்பது பெரும்பாலான வண்டிகளில் செயின் மூடியின் மேலோ பின் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் மேலோ ஒட்டப்பட்டிருக்கும் வில்லையில், ஒருவருக்குத் தனியாகவும் இருவருக்குத் தனியாகவும் அச்சிடப்பட்டிருக்கும். ஓடிச் சூடேறிய டயரில் அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால், காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். பின் ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்குங்கள். பின்பகுதி தாழ்ந்தால் முன் விளக்கின் ஒளி மேலே ஏறி எதிரே வருபவரின் கண்ணில் படும், ஆதலால் விளக்கையும் சற்றுக் கீழே திருப்ப வேண்டும். செயினின் தொய்வை இருவரும் ஏறி அமர்ந்த நிலையில் இன்னொருவரைக் கொண்டு பார்க்கச் சொல்வது நல்லது. தனியாக நிற்கும்போது சரியாகத் தெரியும் செயின், எடை ஏறியவுடன் விறைத்துக்கொள்வது உண்டு.

இவற்றையெல்லாம் செய்த பிறகு, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாக, முழுச் சுமையையும் ஏற்றிக்கொண்டு இருவருமாகப் பத்துமலை வழியாக ரவாங் வரை ஒருமுறை போய்வாருங்கள். எங்கள் பின் பெட்டியைப் பொருத்திக் கொடுத்த ஒரு பட்டறையில் இரண்டு திருகாணிகளை இறுக்காமல் விட்டிருந்தார்கள் என்பது இப்படிப்பட்ட சோதனை ஓட்டத்தில்தான் தெரிந்தது. இதே கோளாறு சிலிம் ரிவருக்கு அப்பால் தெரியவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

எந்தச் சாலையில் போவது என்பது வண்டியின் வலுவைப் பொறுத்தது. நெடுஞ்சாலையில் வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். 250 சிசி வண்டி இருவரையும் சுமந்துகொண்டு சிரமமின்றி 90இல் போகும். கப்சாய் எனப்படும் 110 சிசி சிறு வண்டியில் இருவர் ஏறினால் 70, 80இல் திணறும். பின்னால் விரைந்து வரும் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் இடையே அந்த வேகத்தில் போவது எனக்கு உவப்பானதன்று. கப்சாய் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது பழைய சாலை, அதாவது ஒன்றாம் எண் கூட்டரசுச் சாலை. தஞ்சோங் மாலிம், பீடோர், தாப்பா, கம்பார், ஈப்போ, சுங்கை சிப்புட், கோல கங்சார் என்று ஊர் ஊராக நுழைந்து போகும் அந்தச் சாலையில் ஒரே நாளில் முடிக்க முயலாமல், ஈப்போவில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ ஓர் இரவு தங்கிச் செல்லுங்கள். பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்குச் சாலைக் கட்டணம் இல்லை என்பதால், பணத்தை மனத்தில் வைத்துச் சாலையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையும் இல்லை.

நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அவசரத் தடத்தில் ஓட்ட வேண்டாம். கார்களுக்கு ஒதுங்கிப் போவது மரியாதை என்று எண்ணிப் பலர் அங்கே ஓட்டுகிறார்கள். டயர் துண்டுகளும் ஆணிகளும் பழுதாகி நிற்கும் லாரிகளும் அங்கேதான் கிடக்கின்றன. இடது தடத்தின் நடுவில், மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி செல்லுங்கள். பகலிலும் முன் விளக்கை எரியவிடுவது 1992 முதல் நம் நாட்டில் கட்டாயமாக உள்ளது. பின் விளக்கும் பிரேக் விளக்கும் எரிகின்றனவா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கியதும் பார்ப்பது பின்னால் அமர்பவரின் வேலையாக இருக்கட்டும்.

ஈப்போவைத் தாண்டி ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கப்பாதை வரை ஏற்றம். அதைக் கடந்ததும் கோல கங்சார் பக்கம் நீண்ட இறக்கம். இந்தப் பகுதியில் வேக வரம்பு குறைக்கப்பட்டிருக்கிறது. கனரக லாரிகள் இடது தடத்தில் ஊர்ந்து ஏறும். அவற்றை முந்தும்போது லாரியின் பக்கவாட்டில் நீடிக்காமல் கடந்துவிட வேண்டும், ஏனெனில் அங்கே ஓட்டுநரின் கண்ணாடியில் நீங்கள் தெரியமாட்டீர்கள். இறக்கத்தில் பிரேக்கையே நம்பியிராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். தலைக்கவசத்தில் கறுப்புக் கண்ணாடி இருந்தால் சுரங்கத்துக்குள் நுழையும்முன் அதை உயர்த்திவிட வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பிறகு வருவதால் சுங்கை பேராக் நிறுத்தத்தை நாங்கள் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

மழையை முன்வைத்தே புறப்படும் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும். மேற்குக் கரையில் ஏப்ரலிலும், தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை வழக்கம். தைப்பிங் வட்டாரம் எந்த மாதத்திலும் மழைக்குப் பெயர் போனது. காலை ஆறரைக்குப் புறப்பட்டால் தஞ்சோங் மாலிமை நெருங்குவதற்குள் நன்றாக விடிந்துவிடும். மதியம் ஒரு மணிக்குள், மேகம் கூடுவதற்கு முன், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் வந்துவிடலாம். வழியில் மழை பிடித்தால், முதல் பத்து நிமிடங்கள்தான் மிகவும் வழுக்கும். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் கரைந்து மேலே வருகின்றன. மேம்பாலத்தின் அடியில் அவசரத் தடத்திலேயே வண்டியை நிறுத்தி ஒதுங்காதீர்கள். மோட்டார் சைக்கிள்களுக்கென்று தடுப்புக்கு அப்பால் அமைத்திருக்கும் ஒதுங்கிடங்களில் மட்டும் நில்லுங்கள். மழைக்கோட்டு மேலும் கீழுமாக இரண்டு துண்டாக இருக்க வேண்டும். போர்வைபோல விரியும் மழைக்கோட்டைக் காற்று தூக்கும், சக்கரமும் இழுக்கும்.

உடையைப் பற்றிப் பெண்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். துப்பட்டாவும் சேலை முந்தானையும் பின் சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் ஒரு நொடியில் கழுத்தை இறுக்கிக் கீழே இழுத்துவிடும். ஒரு முடிச்சுப் போட்டுச் செருகிக்கொண்டால் போதும் என்று எண்ணாதீர்கள், காற்றில் அது அவிழும். கால்சட்டை, முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் காலணி, சிரிம் தர முத்திரை உள்ள தலைக்கவசம் இவற்றோடு ஏறுங்கள். அம்மா வீட்டுக்குப் பஞ்சாபி உடையில்தான் போய் இறங்க வேண்டுமென்றால், அதைப் பையின் மேலாக வைத்து, குனோங் செமாங்கோல் ஓய்விடத்தில் எடுத்துப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொண்டு, வீடு சேர்ந்த பின் மாற்றிக்கொள்ளுங்கள். மல்லிகைச் சரத்தைத் தலைக்கவசத்துக்குள் நசுக்காமல், சிறிய டப்பாவில் ஈரத்துணி சுற்றி எடுத்துப் போகலாம்.

ஆவணங்களில் ஓட்டுநர் உரிமம் வண்டிக்கு ஏற்றதா என்று பாருங்கள். பி2 உரிமம் 250 சிசி வரைதான் செல்லும். 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து மானிய விலையில் ரோன்95 பெட்ரோல் போட மைகாட் என்ற அடையாள அட்டை வேண்டும், ஆகவே அதைப் பையின் அடியில் புதைக்காதீர்கள். பழுது ஏற்பட்டால் 1800-88-0000 என்ற பிளஸ் நெடுஞ்சாலை நிறுவனத்தின் உதவி எண்ணையும், விபத்தென்றால் 999ஐயும் அழைக்கலாம்.

பினாங்குத் தீவுக்குள் போக மூன்று வழிகள் உண்டு. 1985இல் திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய பாலம் ஜார்ஜ் டவுனுக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் போகிறவர்களுக்குக் கிட்டம். பத்து காவானிலிருந்து பத்து மாவுங்குக்குச் செல்லும் இரண்டாம் பாலம் 2014இல் திறக்கப்பட்டது, 24 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளுக்கென்று தனித்தடம் உள்ளது, ஆயினும் திறந்த கடலின் பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். பெட்டி வைத்த வண்டிகளுக்கு அது இன்னும் கடினம். இரண்டு பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்கான கட்டணம் 2019 ஜனவரியில் நீக்கப்பட்டுவிட்டது. நான் விரும்புவது பட்டர்வொர்த்திலிருந்து செல்லும் படகு. கார்களை இப்போது ஏற்றுவதில்லை என்றாலும் மோட்டார் சைக்கிள்களை ஏற்றுகிறார்கள். ஆறு மணி நேரம் மடங்கிக் கிடந்த முழங்காலை நீட்டி நின்று, எதிரே பினாங்கு மலை மெல்ல நெருங்கி வருவதைப் பார்ப்பதற்குச் சிறு கட்டணம் கொடுக்கலாம். தைப்பூசத்துக்குப் போகிறவர்கள், தண்ணீர்மலை முருகன் கோயிலை ஒட்டிய சாலைகள் அடைபடும் என்பதைக் கணக்கில் கொண்டு, வண்டியைத் தொலைவிலேயே நிறுத்த ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

வீட்டில் காத்திருப்பவர்களையும் பயணத்தின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். "பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவோம்" என்று சொன்னால், பதினொன்றேமுக்காலிலிருந்து அம்மா வாசலில் நிற்பார். பன்னிரண்டரைக்கு அழைப்புகள் தொடங்கும். சட்டைப்பையில் தொடர்ந்து அதிரும் கைப்பேசி ஓட்டுபவரை அவசரப்படுத்தும். அதனால் நாங்கள் மணி சொல்வதில்லை, மதியத்துக்கு மேல் என்று மட்டும் சொல்கிறோம். ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் ஊரின் பெயரை ஒரே சொல்லாக அனுப்பிவிடுகிறேன். "தாப்பா" என்று வந்தால் அரிசி களைய வேண்டும், "செமாங்கோல்" என்று வந்தால் அப்பளம் பொரிக்கலாம் என்று அம்மா ஒரு கணக்கு வைத்திருக்கிறார்.

போகும்போது பெட்டியில் பாதியைக் காலியாக விட்டுச் செல்லுங்கள், ஏனென்றால் திரும்பும்போது அது நிரம்பும். ஊறுகாய், முறுக்கு, ஜாதிக்காய், தோட்டத்துத் தேங்காய் என்று கொடுப்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்வது இயலாது, சொல்லவும் கூடாது. கனமானவற்றைப் பக்கவாட்டுப் பைகளின் அடியில், இரு சக்கரங்களுக்கு இடையில் வருமாறு வையுங்கள். பின் பெட்டியில் இலேசானவை மட்டும் இருக்கட்டும். பின் சக்கரத்துக்கு அப்பால் கனம் ஏறினால் முன் சக்கரம் இலேசாகி, வேகத்தில் கைப்பிடி ஆடத் தொடங்கும். கண்ணாடிப் போத்தலில் உள்ள ஊறுகாயை பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மிஞ்சும் தேங்காய்களை அஞ்சலில் அனுப்பச் சொல்லலாம். அம்மா இப்போது முறுக்கை வட்ட டின்னில் அடைப்பதில்லை. எங்கள் பின் பெட்டியின் நீள அகலத்தை நூலால் அளந்து வைத்துக்கொண்டு, அதற்குச் சரியாகப் பொருந்தும் சதுர டின்களாகத் தேடி வாங்கி வைத்திருக்கிறார்.