ஆறு சக்கர ரோவர்: முதலில் காலைக் கட்டுங்கள்

பெங்களூரு ஹலசூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ரோவர், அதாவது நிலவிலும் செவ்வாயிலும் ஓடும் ஆளில்லா வண்டியின் மாதிரி, கட்டச் சொல்லித் தருகிறேன். எல்லோரும் எடுத்த எடுப்பில் கேமராவைத்தான் கேட்பார்கள். நான் காலை, அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை, முதலில் கட்டச் சொல்வேன். 1997-இல் செவ்வாயில் ஓடிய சோஜர்னர் முதல் 2023-இல் நிலவில் ஓடிய பிரக்யான் வரை ஆறு சக்கரம், ராக்கர்-போகி எனும் ஆடும் கால் அமைப்புதான். கவிழ்ந்தால் நிமிர்த்த அங்கே ஆள் கிடையாது.

எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மஞ்சள் பி.ஓ. மோட்டாரும் (பேட்டரியில் ஓடும் சின்ன கியர் மோட்டார்) சக்கரமும் ஆறாறு, மோட்டார்களை இயக்கும் எல்298என் டிரைவர், கட்டளைகளை ஏற்றும் ஆர்டுயினோ போர்டு, 18650 லித்தியம் செல் இரண்டு வாங்குங்கள். கால்களுக்கு அரை அங்குல பிவிசி பைப், 45 டிகிரி எல்போ.

ஒவ்வொரு பக்கமும் இரண்டு உறுப்பு. சின்னது போகி: இரு முனையிலும் சக்கரம், நடுவில் போல்ட். பெரியது ராக்கர்: முன்முனையில் சக்கரம், பின்முனை போகியின் அந்த நடு போல்ட்டில். ராக்கரின் நடுப்பகுதியை உடலோடு இன்னொரு போல்ட்டில் மாட்டுங்கள். லாக் நட்டை முழுக்க முறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள். விரலால் தட்டினால் போகி தாராளமாக ஆட வேண்டும். ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஸ்பிரிங் வேண்டவே வேண்டாம்.

பலரும் விட்டுவிடுவது இரு பக்க ராக்கர்களையும் இணைக்கும் டிஃபரன்ஷியல் பட்டை. அது இல்லாவிட்டால் உடல் முன்னாலோ பின்னாலோ குப்புற விழும். உடலின் மேல் குறுக்காக ஒரு பட்டையை நடு போல்ட்டில் சுழலும்படி வைத்து, இரு முனைகளையும் கெட்டிக் கம்பியால் அந்தந்தப் பக்க ராக்கரோடு கோத்துவிடுங்கள். ஒரு ராக்கர் எழும்பினால் மற்றது தாழும். உடல் பாதிதான் சாயும். நாசாவின் செவ்வாய் ரோவர் கியூரியாசிட்டியின் படத்தில் மேல்தளத்தைப் பாருங்கள், இதே பட்டை இருக்கும்.

சோதனைக்கு மண் வேண்டும். சந்திரயானுக்காக நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்து இஸ்ரோ நிலவு மண் தயாரித்தது. எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் பெருமையாக இருக்கும். நமக்கு எம்-சாண்டும் ஜல்லியும் போதும்.

ஓட்டுவதற்குப் பிள்ளைகளிடம் ஜாய்ஸ்டிக் கொடுக்காதீர்கள். செவ்வாய்க்கு ரேடியோ அலை போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். ஆகவே கட்டளைகளைப் பட்டியலாக எழுதி ஏற்றிவிட்டு, ஓட்டம் முடியும்வரை தொடாமல் நில்லுங்கள். ஒரு விநாடிக்கு எவ்வளவு நகர்கிறது என்பதை வீட்டுத் தரையில் அளக்காமல் அந்த மணலிலேயே அளந்துகொள்ளுங்கள். மணலில் சக்கரம் வழுக்கும். அதனால் ஒரு கட்டளைக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் ஓட விடாதீர்கள்.