முதலாம் வருட விஞ்ஞான மாணவருக்கு ஆலோசகராக இருப்பது எப்படி?

கொழும்பில் விஞ்ஞானப் பீடம் ஒன்றில் உங்களை மாணவர் ஆலோசகராகப் போட்டிருந்தால், முதல் சந்திப்புக்கு முன்னரே அந்த மாணவரின் பாடப்பதிவையும் பெறுபேற்றையும் எடுத்துப் பாருங்கள். வந்து உட்கார்ந்த பிறகு தேடினால் பிள்ளை பேச வந்ததை விழுங்கிவிடும்.

தமிழ் மொழிமூலத்தில் உயர்தரம் படித்துவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வருபவர்களுக்கு இங்கே எல்லாமே ஆங்கிலத்தில் என்பதுதான் முதல் அடி, கணக்குத் தெரியும், கேள்விதான் விளங்காது. "விளங்குதா?" என்று கேட்காதீர்கள், ஓம் என்றுதான் சொல்வார்கள். "போன கிழமை விரிவுரையில் எந்த இடத்தில் விட்டுப்போனது?" என்று கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள்.

அப்புறம் ஜி.பி.ஏ.யை, அதாவது எல்லாப் பாடங்களின் பெறுபேறுகளுக்குமான சராசரிப் புள்ளியை, கடதாசியில் போட்டுக் காட்டுங்கள். கிரெடிட் என்பது ஒரு பாடத்துக்குள்ள நிறை. 3 கிரெடிட் பாடத்தில் ஏ (4.0), 2 கிரெடிட் பாடத்தில் சி (2.0) என்றால் 12 உம் 4 உம் சேர்ந்து 16, அதை 5 ஆல் வகுத்தால் 3.2. பெரிய கிரெடிட் பாடத்தில் சறுக்கினால் ஏன் கூடுதலாக வலிக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும். நாலு வருட சிறப்புப் பட்டத்துக்கு ஆசைப்படுபவருக்கு இதை இரண்டாம் வருடத்தில் சொல்வது பிந்திய உதவி.

பரீட்சை நாளில் சுகமில்லாமல் போனால் மருத்துவச் சான்றிதழை உடனே கொடுக்கச் சொல்லுங்கள், காலக்கெடுவைப் பீடக் கையேட்டில் காட்டுங்கள்.

காசுப் பிரச்சினையோ மனச்சோர்வோ தெரிந்தால் மஹாபொல, பேர்சரி போன்ற மாணவர் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு மாணவர் நலப் பிரிவுக்கும், மற்றதற்கு உளவளத்துணையாளரிடமும் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.