புது கார் ஓயாமல் மக்கர் செய்கிறதா? அமெரிக்காவில் லெமன் சட்டத்தைப் பயன்படுத்தும் முறை

புது கார் ஒரே கோளாறுக்காகத் திரும்பத் திரும்ப ஒர்க் ஷாப்புக்குப் போய்க்கொண்டிருந்தால், தயாரித்த நிறுவனமே மாற்று வண்டியோ பணமோ தர வேண்டும். இதுதான் லெமன் சட்டம். 1982-ல் கனெக்டிகட் தொடங்கி வைத்தது. இன்று ஐம்பது மாநிலங்களிலும் உண்டு.

படி 1: மாநிலக் கணக்கைப் பாருங்கள்

கலிஃபோர்னியாவில் முதல் 18 மாதம் அல்லது 18,000 மைல், எது முந்துகிறதோ அதற்குள், ஒரே கோளாறுக்கு 4 முறை ரிப்பேர். உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் 2 முறை. அல்லது மொத்தம் 30 நாளுக்கு மேல் வண்டி ஷாப்பில் கிடந்திருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் 2 ஆண்டு அல்லது 24,000 மைல். 3 முறை அல்லது 20 நாள். 18 மாதம் தாண்டிவிட்டதே என்று கலிஃபோர்னியாக்காரர்கள் கைவிட வேண்டாம். வாரன்ட்டி காலத்தில் தலைகாட்டிய கோளாறு என்றால் அதன் பிறகும் வழக்குக்கு இடமுண்டு. நிரூபிக்கும் சுமைதான் கூடும்.

படி 2: ரிப்பேர் ஆர்டர்

ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் கோளாறைக் குறித்து ஷாப் எழுதித் தரும் தாள் இது. பெரும்பாலான வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும் இதில்தான். "வண்டி குலுங்குது" என்று ஒருமுறை, "பிக்கப் இல்லை" என்று மறுமுறை எழுதவிட்டால், இவை இரண்டு வேறு கோளாறுகள் என்று நிறுவனம் வாதாடும். "எஞ்சின் சூடான பிறகு, 40 மைல் வேகத்தில், 2-லிருந்து 3-வது கியருக்கு மாறும்போது குலுங்குகிறது" என்று ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் எழுதச் சொல்லுங்கள். சர்வீஸ் அட்வைசர் தன் பாணியில் சுருக்கினால், கையெழுத்திடும் முன் திருத்தச் சொல்லுங்கள். வண்டி விட்ட தேதி, எடுத்த தேதி, இரண்டு ஓடோமீட்டர் எண்களும் இருக்கிறதா பாருங்கள். தேதி விட்டுப்போனால் நாள் கணக்கு நிற்காது.

"கோளாறு தென்படவில்லை" என்று திருப்பித் தந்தாலும் தாளை வாங்காமல் வராதீர்கள். நீங்கள் வந்துபோனதற்கு அதுதான் சான்று. மெக்கானிக்கை உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். கோளாறு வரும்போது டாஷ்போர்டு தெரிய வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே நீங்கள் எடுக்க வேண்டாம்.

படி 3: நிறுவனத்துக்குக் கடிதம்

டீலருக்கு அல்ல, தயாரிப்பாளருக்கு. முகவரி வாரன்ட்டி புத்தகத்தில் இருக்கும். எழுத்தும் எண்ணுமாக 17 இடம் கொண்ட வின் (வண்டி அடையாள) எண், ரிப்பேர் தேதிகள், உங்கள் கோரிக்கை. ஒரு பக்கம் போதும். ஒப்புகை அட்டையுடன் சர்ட்டிஃபைட் மெயிலில் அனுப்புங்கள். நியூ ஜெர்சியில் இது கட்டாயம்: கடிதம் கிடைத்தபின் ரிப்பேர் செய்ய கடைசியாக ஒரு வாய்ப்பு, 10 நாள், அவர்களுக்கு உண்டு.

படி 4: எவ்வளவு வரும்?

கலிஃபோர்னியாவில் வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துத் திரும்ப வரும். ஓட்டிய மைலுக்குக் கழிவு உண்டு. விலையை, முதல் ரிப்பேருக்கு விட்டபோது இருந்த மைலால் பெருக்கி 1,20,000-ஆல் வகுங்கள். 36,000 டாலர் வண்டி, 6,000 மைல் என்றால் கழிவு 1,800 டாலர். அதனால்தான் முதல் தடவையே தாமதிக்காமல் கொண்டுபோகச் சொல்வது.

ஜெயித்தால் வக்கீல் ஃபீஸ் நிறுவனத்தின் தலையில். ஆகவே முன்பணம் கேட்கும் வக்கீலிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நல்லெண்ணமாக வாரன்ட்டியை நீட்டித் தருகிறோம் என்று டீலர் நீட்டும் தாளிலும் அப்படித்தான்: உரிமையை விட்டுக்கொடுக்கும் வரி பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கும். கோபத்தில் கார் லோன் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் வங்கியோடு, கோளாறு கம்பெனியோடு; கிரெடிட் ஸ்கோர் அடிபடுவது உங்களுக்கு.